இனி தள்ள ஆள் வேண்டாம்

ஹோம்ஃபெர்த்,
பிப்ரவரி 9, 2019

க்ளெண்டா,

நீ ஃபோனை எடுக்க மாட்டாய் என்று ஜில் சொல்லிவிட்டாள். "அம்மாவுக்கு உன் குரலே வேணாமாம்ப்பா. ஏதாவது சொல்லணும்னா எழுது" என்கிறாள். நாற்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, பெற்ற மகள் வீட்டு விலாசத்துக்கு உனக்குத் தபால் போட வேண்டியிருக்கிறது. போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். காரிலிருந்து கழற்றிய பிறகும் தானாக நகர, கேரவனுக்கு மோட்டார் வைக்கப்போகிறேன். கேரவன் நிறுத்தும் சைட்டில் அந்த நார்விச் தம்பதி வைத்திருந்தார்களே, அதேதான். சக்கரத்துக்குப் பக்கத்தில், கேரவனுக்கு அடியில், இரண்டு மோட்டார்களைப் பொருத்துவார்கள். உருளைகள் வந்து டயரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நாம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றால் போதும். முன்னால், பின்னால், நின்ற இடத்திலேயே திரும்புவது, எல்லாம் அதுவே செய்யும். இனி நீ தள்ள வேண்டியதில்லை. முக்கியமாக அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடைக்காரன் கேரவனின் எடையைக் கேட்கிறான், சேஸிஸ் என்ன ரகம் என்று கேட்கிறான். அதெல்லாம் உன்னுடைய நீல ஃபைலில்தான் இருக்கும். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். எங்கே வைத்தாய்?

இடுப்பு எப்படி இருக்கிறது?

மால்கம்


எக்ஸ்மத்,
பிப்ரவரி 20

மால்கம்,

ஃபைல் பாய்லர் அலமாரியில், துண்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. பதினைந்து வருடமாக அங்கேதான் இருக்கிறது.

சாமான் ஏற்றிய பிறகு கேரவன் ஆயிரத்து நானூற்று ஐம்பது கிலோவைத் தாண்டக் கூடாது. நாம் ஏற்கெனவே எல்லையில்தான் இருந்தோம். நீ சொல்லும் மோட்டாரே முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், அதற்கென்று நல்ல பேட்டரி ஒன்றும் வேண்டும். எனவே எதையாவது இறக்கியாக வேண்டும். முன்பந்தல் துணியை இறக்கிவிடு. அதைக் கட்டும்போதெல்லாம் சண்டைதான் வந்தது.

அடியில் ஸ்டெப்னி தொங்குகிறது. மோட்டாருக்கு அது இடிக்குமா என்று கேள். நம் வீட்டு வாசல் ஏற்றத்தை அளந்துகொண்டு போ. சும்மா "கொஞ்சம் ஏத்தம்தான்" என்று சொல்லாதே. அது கொஞ்சம் இல்லை.

இடுப்பு பரவாயில்லை. வாரம் இரண்டு நாள் நீச்சல் குளத்தில் இறங்கி நடக்கச் சொல்கிறார்கள். தண்ணீருக்குள் கோல் இல்லாமல் நடக்கிறேன். வெளியே வந்தால் கோல் வேண்டும்.

நான் தள்ள வேண்டியதில்லை என்பதை எனக்கு ஏன் எழுதுகிறாய் என்று புரியவில்லை. நான் இங்கே இருக்கிறேன்.

க்ளெண்டா


ஹோம்ஃபெர்த்,
மார்ச் 11

அன்புள்ள க்ளெண்டா,

ஃபைல் கிடைத்தது. துண்டுக்குப் பின்னால் ஃபைலை வைப்பார்களா யாராவது?

கடைக்குப் போய் வந்தேன். இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்றில் நாமே குனிந்து, ஒரு கம்பியைப் போட்டுத் திருகி, உருளையை டயரோடு சேர்க்க வேண்டும். விலையும் குறைவு, எடையும் குறைவு. இன்னொன்றில் பட்டனை அழுத்தினால் உருளை தானே வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு முதலாவதே போதும். ஆனால் உன்னால் குனிய முடியாதே. அதனால் இரண்டாவதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

விற்கிறவன் நல்லவன்தான், வாய்தான் அதிகம். "ஒத்தை ஆளா எல்லாத்தையும் பண்ணிக்கலாம் சார், கூட ஒருத்தர் தேவையே இல்லை" என்றான். "நாங்க ரெண்டு பேருப்பா" என்றேன்.

வாசலை அளந்தேன். ஆறடிக்கு ஓரடி ஏற்றம். மோட்டார் தாங்குமாம். ஸ்டெப்னி இடிக்குமாம், அதைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். நீ சொன்னது சரி. முன்பந்தலையும் எதிர்வீட்டு ஷெர்லியிடம் கொடுத்துவிட்டேன். தோட்டத்தில் ஏதோ செடிக்குப் போர்த்தப்போகிறாளாம்.

மே மாதம் எங்கேயாவது போகலாம். சமதரையாகப் பார்க்கிறேன். நார்ஃபோக் பக்கம் உனக்குப் பிடிக்கும். போன வருடம் பேக்வெல்லில் நடந்ததை நினைத்துப் பயப்படாதே. அன்றைக்குத் தரை ஈரம். யார் மேலும் தப்பு இல்லை. இனி அந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.

உன் மால்கம்


எக்ஸ்மத்,
மார்ச் 29

மால்கம்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஜில் குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

தரை ஈரம்தான். நான் அதைத்தான் உன்னிடம் சொன்னேன். "புல்லு வழுக்குது மால்கம், சைட்டைப் பார்த்துக்கிற வார்டன்கிட்ட ட்ராக்டர் இருக்கு, கேட்டா இழுத்து விடுவாரு" என்றேன். "ஒருத்தன்கிட்டப் போய் நிக்கணுமா? இருபது அடி. தள்ளு" என்றாய். நீ முன்னால் நின்று கொக்கியைப் பிடித்துக்கொண்டாய். நான் பின்னால், பள்ளத்துப் பக்கம். எனக்குப் பின்னால் கற்சுவர். நீதான் பிரேக்கை எடுத்துவிட்டாய். பிரேக் உன் கைக்குப் பக்கத்தில் இருந்தது, எனக்கு அல்ல.

வழுக்கியதற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அது யாருக்கும் நடக்கலாம்.

நீ பின்பக்கம் ஓடி வந்தாய். நான் சுவருக்கும் கேரவனுக்கும் நடுவில் இருந்தேன். மூச்சு விட முடியவில்லை, ஆனால் கண் தெரிந்தது, காது கேட்டது. நீ முதலில் கேரவனைப் பார்த்தாய். பின்பக்கத் தகட்டில் விரிசல் விழுந்திருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்து, "என்ன பண்ணி வெச்சிருக்கே?" என்று கத்தினாய்.

வார்டனின் மனைவிதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மருத்துவமனையில் எட்டு வாரம் கிடந்தேன். தினமும் வந்தாய். திராட்சை வாங்கி வந்தாய். நான் காத்திருந்த வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் பேசினாய். அதனால்தான் வீட்டுக்கு வராமல் நேராக இங்கே வந்தேன்.

தகட்டைச் சரி செய்துவிட்டாயா?

க்ளெண்டா


ஹோம்ஃபெர்த்,
ஏப்ரல் 4

க்ளெண்டா,

நீ எழுதியிருப்பது போல நடக்கவில்லை. வலியில் இருந்தவளுக்கு என்ன தெரியும்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யார்? நான். வண்டியில் உன்னோடு வந்தது யார்? நான். எட்டு வாரமும் போகவர அறுபது மைல் ஓட்டி வந்தது யார்? ஒரு மனிதன் பதறிப்போய் ஏதோ ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு குடும்பத்தையே உடைப்பார்களா?

மோட்டார் பொருத்தியாயிற்று. கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

தகட்டைச் சரி செய்துவிட்டேன். ஆமாம். மழைத்தண்ணீர் இறங்குமே.

மால்கம்


ஹோம்ஃபெர்த்,
மே 2

க்ளெண்டா,

போன கடிதத்தைக் கிழித்துவிடு. கிழித்திருப்பாய்.

செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. ஜில்லுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

மோட்டாரை வைத்து வாசலில் கேரவனை ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஏறுகிறது. நத்தை மாதிரி, ஆனால் நிற்காமல். வீட்டைப் பார்த்தபடி மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பின்னால் கேட் தூணுக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கக் கீழ்ப்பக்கம் வந்து நின்றேன். ரிமோட் கையில் இருந்தது. உருளையை விடுவிக்கும் பட்டனை அழுத்திவிட்டேன். ஹேண்ட்பிரேக் போடவில்லை.

அந்த உருளைகள் டயரைப் பிடித்திருக்கும்வரைதான் அது நிற்கும். பிரேக் போட்டுவிட்டுத்தான் உருளையை எடுக்க வேண்டும். விற்றவன் இரண்டு முறை சொன்னான். ரிமோட்டின் பின்னாலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதை நான் ஜில்லுக்கும் படித்துக் காட்டினேன், ஃபோனில், பெருமையாக.

சத்தமே இல்லாமல் வந்தது க்ளெண்டா. என்னைத் தூணோடு சேர்த்து அழுத்தியது. திரும்ப உருளையைச் சேர்க்கப் பட்டனை அழுத்தலாம் என்று பார்த்தால் ரிமோட் கீழே விழுந்து கிடக்கிறது. கத்த மூச்சு இல்லை.

ஷெர்லி எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். வீட்டுச் செருப்போடு ஓடி வந்து, முன்னால் போய்ப் பிரேக்கை இழுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். பிரேக் கேரவனை அங்கேயே பிடித்துக்கொண்டதே தவிர மேலே நகர்த்தவில்லை, நானும் அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மால்கம், என்னைப் பாரு. மூச்சு விடு. எங்க வலிக்குது? பேசாத, தலையை மட்டும் ஆட்டு" என்றாள். அப்புறம் அவள் மகன் வந்து ரிமோட்டை எடுத்து, கேரவனை ஓரடி மேலே ஏற்றினான்.

இரண்டு விலா எலும்பில் விரிசல். அவ்வளவுதான். ஷெர்லி அப்புறம் திட்டினாள். "பிரேக்கைப் போடாம யாராவது உருளையை எடுப்பாங்களா? கிழட்டுக் கழுதை!" என்றாள். ஆனால் அது அப்புறம்.

அவள் கேரவனைப் பார்க்கவே இல்லை. ஒரு தடவைகூட.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. நீ எழுதியபடியேதான் நடந்தது. தகட்டைத் தொட்டேன். அது குளிர்ந்திருந்தது, மழைத்தண்ணீர் கையில் ஒட்டியது. பிறகு உன்னைப் பார்த்தேன். பிறகு கத்தினேன்.

உன்னைப் பார்க்கப் பயந்துதான் கேரவனைப் பார்த்தேன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொய். தகடு போச்சே என்றுதான் நினைத்தேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. எழுத வருகிறது. மன்னித்துவிடு.

மால்கம்


எக்ஸ்மத்,
மே 20

மால்கம்,

விலாவுக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள்? சாப்பிட்ட பிறகு போடு. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும், அப்போது வலி குறையும். மருத்துவமனையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் பொய்யை எழுதாமல் விட்டதற்கு நன்றி. எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன், நம்பியதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்திருக்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிறைய அழுதேன். அழுத பிறகு லேசாக இருக்கும் என்பார்கள். இல்லை. தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

இங்கே எக்ஸ்மத்துக்கு வெளியே கடலோரமாக ஒரு சைட் இருக்கிறது. சமதரை. விலா ஆறிய பிறகு, ஜூன் கடைசியில் வருவதானால் வா. நான் தங்க மாட்டேன். ஒரு மதியம், தேநீருக்கு. ஜில் கொண்டுவந்து விடுவாள், அவளே திரும்பக் கூட்டிக்கொண்டு போவாள். வேறு எதையும் நினைத்துக்கொண்டு வராதே. நானும் எதையும் நினைக்காமல் வருகிறேன்.

க்ளெண்டா


எக்ஸ்மத்,
ஜூலை 3

அன்புள்ள மால்கம்,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். அன்றைக்கு நேரில் சொல்ல முடியாததைச் சொல்கிறேன்.

நீ எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாய். முதலில் பிரேக், அப்புறம்தான் உருளை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாய், ஜில் சிரித்தாள். ரிமோட்டை என் கையில் கொடுத்து, "நீயே திருப்பிப் பாரு" என்றாய். கட்டைவிரலால் அழுத்தினேன். இவ்வளவு பெரிய சாமான், நின்ற இடத்திலேயே சுழன்று கடலைப் பார்த்துத் திரும்பியது. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முப்பது வருடம் தள்ளியதை நினைத்துக்கொண்டேன். இது அப்போதே இருந்திருந்தால் என்று நீயும் நினைத்திருப்பாய். உன் முகத்தில் தெரிந்தது.

படி ஏற உன் தோளைக் கொடுத்தாய். தேநீர் நீயே போட்டாய். பேச ஒன்றும் கிடைக்கவில்லை, பரவாயில்லை, அது வயதானவர்களுக்குச் சகஜம்தான்.

கோப்பை என் கையிலிருந்து நழுவியதே, அது உனக்கு ஞாபகம் இருக்கும். புது மெத்தை உறை மேல் பாதி, என் கை மேல் பாதி. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று துணியை எடுத்து வந்தாய். முதலில் என் கையைத்தான் துடைத்தாய். அதை நான் கவனித்தேன். நான் கவனிக்க வேண்டும் என்று நீ செய்யவில்லை, அதுவும் தெரியும்.

ஆனால் மால்கம், கொதிக்கிற தேநீர் கொட்டியபோது நான் என் கையைப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். கை பொரிந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஜில் மருந்து தடவும்போது கேட்டாள், "ஏம்மா, அங்கயே சொல்லியிருக்கலாம்ல?" என்று. எனக்கு வலித்ததே தெரியவில்லை என்றேன். நிஜம்தான்.

அந்த மூன்று மணி நேரமும் நீ ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நான் மூன்று மணி நேரமும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி தோள்பட்டை இரண்டும் கல்லாகிவிட்டது. நீ மாறியிருக்கிறாய், அதை நம்புகிறேன். எனக்குத்தான் மாறத் தெரியவில்லை. எழுபது வயதில் அதைக் கற்றுக்கொள்ளும் தெம்பும் இல்லை.

இங்கே பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். படி கிடையாது. ஆகஸ்டில் போகிறேன். வக்கீலிடமிருந்து உனக்குப் பேப்பர் வரும். அதில் உன்னைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தையும் இருக்காது, பார்த்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிடு.

கேரவனை விற்றுவிடாதே. உனக்கு வேறு என்ன இருக்கிறது?

க்ளெண்டா


மேபிள்தோர்ப்,
செப்டம்பர் 14

அன்புள்ள க்ளெண்டா,

பேப்பர் வந்தது. நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி, திங்கட்கிழமை அனுப்பிவிட்டேன். கிடைத்திருக்கும்.

பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. கேரவனை மாட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஒத்தை ஆளாக எல்லாவற்றையும் பண்ண முடிகிறது. அந்தக் கடைக்காரன் சொன்னது சரிதான். உள்ளே நுழைந்து பத்து நிமிடத்தில், கார் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல், கோடு போட்ட மாதிரி நிறுத்திவிட்டேன். வார்டன் பார்த்துவிட்டு, "பிரமாதம் சார்" என்றான். நான்கு நாளில் என்னிடம் பேசியவன் அவன் ஒருத்தன்தான், நேற்றுவரை.

நேற்று மதியம் பக்கத்து இடத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். பழைய கேரவன், மோட்டார் இல்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவன் முன்னால் நின்றான், அவள் பின்னால் போனாள். "அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம்! கண்ணு தெரியலையா?" என்று அவன் கத்துவது சைட் முழுக்கக் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் எத்தனை வருடம் அப்படிக் கத்தியிருக்கிறேன், யார் திரும்பிப் பார்த்தார்கள்?

எழுந்து போனேன். "நீங்க ஒதுங்கிக்கோங்கம்மா, நான் தள்ளுறேன்" என்று அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று தோளைக் கொடுத்தேன். விலா வலித்தது. கேரவன் உள்ளே போயிற்று. அவன் கையைக் குலுக்கிவிட்டு, "ரொம்ப நன்றிங்க. இவளை வெச்சுக்கிட்டு ஒரு வேலை ஆகாது" என்று சிரித்துவிட்டு, கரண்ட் ஒயரைச் செருகப் போனான்.

அவள் பக்கத்தில் நின்றாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவனிடமா, அவளிடமா என்று தெரியவில்லை. உன்னைப் பற்றிச் சொல்லலாமா, சுவரைப் பற்றிச் சொல்லலாமா? வாயைத் திறந்தேன். "டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா இருக்கு, பார்க்கச் சொல்லுங்க" என்றேன்.

"சொல்றேங்க" என்றாள். பிறகு அவளாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு பேச்சுதான் அப்படிங்க. மனசுல ஒண்ணுமே கிடையாது. ரொம்ப நல்லவரு" என்றாள்.

என்னைப் பற்றி நீ எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பாய் க்ளெண்டா?

பதில் எழுத வேண்டாம்.

மால்கம்